ஒட்டிக்கொண்ட இரண்டு பக்கங்கள்

1

போன மாதம் தபால் நிலையத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. இந்தியாவிலிருந்து என் பெயருக்கு வந்த பொட்டலத்தைச் சுங்கப் பிரிவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும் என்று அதில் இருந்தது. பிரான்சுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. இருந்தாலும் முத்திரை குத்திய காகிதம் ஒன்று வந்தால் இரண்டு முறை படிக்காமல் கீழே வைக்க மாட்டேன். பிறந்த ஊர் புதுச்சேரி, பிறந்தபோது அது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது, இப்போது இந்தியா, நான் பிரெஞ்சுக் குடிமகள் என்பதை ஒவ்வொரு அலுவலக ஜன்னலிலும் முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். கேட்கிறவர் நம்புவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்து ஜன்னலை மூடிவிடுவார்கள்.

மகள் நளினியைத் துணைக்குக் கூப்பிட்டேன், வர மாட்டேன் என்றுவிட்டாள். என் பிரெஞ்சு அவளுக்கு வெட்கம். என் அப்பா புதுச்சேரி கோர்ட்டில் எழுத்தர். அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த காகிதங்களைப் படித்துத்தான் நான் அந்த மொழியைக் கற்றேன். "நீ ரொட்டி கேட்டால்கூட சம்மன் அனுப்புகிற மாதிரி இருக்கிறது, அம்மா" என்பாள். அவளுக்குப் பதினாறு வயது. தமிழில் "சாப்பிடு", "போதும்" இரண்டு வார்த்தைதான் தெரியும். எங்களுக்குள் பேச்சு அதோடு நின்றுவிடுகிற நாட்களும் உண்டு.

ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் இளைஞர் இருந்தார். பொட்டலத்தை ஏற்கெனவே பிரித்திருந்தார்கள். உள்ளே அட்டை நைந்த பெரிய இசைப் புத்தகம் ஒன்று, பியானோவுக்கானது. அவர் அதைச் சாய்த்துக் காட்டினார். தாள்களின் மூலையிலிருந்து பழுப்புத் தூள் கொஞ்சம் மேசையில் உதிர்ந்தது.

"இது என்ன, மதாம்?"

பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் "தெரியாது" என்றேன். இருபத்திரண்டு வருடமாகப் பழகிய பொய் அது, கேட்டவுடன் தானாக வந்துவிட்டது.

இந்தியாவிலிருந்து பொட்டலம், அதில் பழுப்புத் தூள், வாங்க வந்தவளுக்கு என்னவென்று தெரியாதாம். அப்புறம் கேட்க வேண்டுமா? மேலதிகாரி வந்து, போதைப்பொருளோ என்று முகர்ந்து பார்த்தார். புத்தகம் பிளாஸ்டிக் பைக்குள் போனது. என்னிடம் ஒரு படிவத்தை நீட்டினார்கள். பொருள் என்ன, அது அங்கே வந்த காரணம் என்ன என்று கேட்டு, பதிலுக்கு ஒரே ஒரு வரி இடம் விட்டிருந்தது. ஒரு வாரத்துக்குள் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

பொட்டலத்தில் இருந்த கடிதத்தை மட்டும் கொடுத்தனுப்பினார்கள். என் தங்கை தனத்தின் புருஷன் எழுதியது. தனம் செத்து வருகிற மாதத்தோடு ஒரு வருடம். கடிதத்தைப் பிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த ஒரு வரிக்குள் சொல்ல வேண்டியது அடங்கவும் இல்லை. அதனால்தான் ஊரில் இதைப் படிக்கப்போகிற உங்களுக்கு இப்போது இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

தனம் என்னைவிட மூன்று வயது சின்னவள். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீடு. எங்கள் குடும்பத்தில் ஏரைவிட்டு உத்தியோகத்துக்கு டவுனுக்கு வந்த முதல் ஆள் அப்பாதான். செத்துப்போன ஒரு வெள்ளைக்கார வியாபாரியின் சொத்து விவகாரமாக அவர் மனைவியிடம் கையெழுத்து வாங்க, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர் தெருவில் இருந்த அந்த வீட்டுக்கு அப்பா அடிக்கடி போவார். ஒரு நாள் எட்டு வயது தனத்தையும் சைக்கிளில் கூட்டிப்போனார். அவள் அங்கிருந்த பியானோவை ஒரு விரலால் தட்டிவிட்டு, மரத்தில் காதை வைத்துச் சத்தம் அடங்கும்வரை கேட்டாளாம். வியாபாரியின் மனைவி மதாம் ஒதெத் அதைப் பார்த்துவிட்டு, "நாளையிலிருந்து இவளை இங்கே அனுப்பு" என்றாராம்.

பன்னிரண்டு வருடம் போனாள். எங்கள் வீட்டில் பியானோ ஏது? அரிசி புடைக்கிற முறத்தை மடியில் கவிழ்த்துக்கொண்டு அதில் விரலை ஓட்டுவாள். "பொண்ணுக்குக் கை நடுக்கமா?" என்று பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள்.

1954-இல் கொடி மாறியது. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டினார்கள். மதாமும் எப்படியும் போய்விடுவார் என்பது தெரிந்தது. போவதற்குள் தனத்துக்கு ஒரு வழி பண்ணிவிட நினைத்தார். அவரோடு படித்த வெள்ளைக்காரர் ஒருவர், நாங்கள் வெறுமனே முசியே என்போம், பிரான்சில் ஓர் இசைப் பள்ளியில் தேர்வாளராக இருந்தார். கொடி மாறிய நாலாவது வருடம் அவர் இந்தியா பார்க்க வந்தார். புதுச்சேரியில் இரண்டு நாள் தங்குவதாக ஏற்பாடு.

"அவர் முன்னால் நீ வாசி. அவர் ஒரு கடிதம் எழுதினால் போதும். பள்ளியில் இடம், என் தங்கை வீட்டில் அறை. நீ என்னோடு கப்பல் ஏறலாம்" என்றார் மதாம்.

அதற்காக அவர் தேர்ந்தெடுத்தது வாசிப்பவர்கள் பயப்படுகிற ஓர் இசை. அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதன் நடுவில் எதிரெதிராக இரண்டு பக்கம் வரும். இரண்டு கையும் எதிர்த் திசைகளில் ஓடிப் போய், திரும்பி வந்து, கீழ்ச் சுரங்களில் ஒன்றோடொன்று மோத வேண்டும். அந்த இரண்டு பக்கத்துக்காகத் தனம் நாலு மாதம் அழுதாள். ஒரு முறை விரல் இடுக்கு பிளந்து ரத்தம் வந்தது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் போனாள்.

அந்த இடத்துக்கு "இடி" என்று பெயர் வைத்தவர் காதர் பாய். உப்பளம் போகிற வழியில் மரப் பட்டறை வைத்திருந்தார். கடல் காற்றுக்கு மதாமின் பியானோவில் மரம் ஊறி எதுவாவது சிக்கிக்கொண்டே இருக்கும், அவர்தான் வந்து இழைத்துச் சரிபண்ணுவார். வேலை முடிந்தாலும் உடனே கிளம்ப மாட்டார். "இருங்கம்மா, அந்த இடி விழுந்துரட்டும், கேட்டுட்டுப் போறேன்" என்பார்.

நான் பக்கம் திருப்புகிறவள். அவள் தலையை அசைத்ததும் இடது பக்கம் நின்றபடி தாளின் மேல் மூலையைப் பிடித்துத் திருப்ப வேண்டும். எனக்கு மதாம் சொன்னது அவ்வளவுதான். தனத்துக்குச் சொன்னது வேறு: "என்ன நடந்தாலும் நிற்காதே. என்ன நடந்தாலும் பின்னால் போகாதே."

3

முசியேவுக்கு ஒழிந்த நாள் விஜயதசமியாக அமைந்துவிட்டது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "கலைவாணியே நாள் குறிச்சிட்டா" என்று கோர்ட்டெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

முந்தின நாள் சரஸ்வதி பூசை. அப்பாவின் சட்டப் புத்தகங்களோடு தனத்தின் இசைப் புத்தகத்தையும் மணையில் அடுக்கினோம். அம்மா அதன் அட்டையில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பூசையில் வைத்ததை மறுநாள் எடுத்துவைக்கும்வரை தொடக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மதாமும், வாசிக்கிற அன்று காலையில் கைக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஆகையால் ஒரு முழு நாள் யாரும் அந்தப் புத்தகத்தைப் பிரிக்கவில்லை.

அடுக்குவதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். அட்டையில் வைத்தால் போதுமா, அவள் அழுத இடம் உள்ளேயல்லவா இருக்கிறது என்று தோன்றியது. யாரும் இல்லாத நேரத்தில் அந்த இரண்டு பக்கத்தையும் விரித்தேன். வலது பக்கத்தின் மேல் மூலையில் சந்தனத்தைக் கெட்டியாக, நன்றாகவே வைத்தேன். "இந்த எடத்துல மட்டும் அவ கையப் புடிச்சிக்கோ தாயே" என்று வேண்டிக்கொண்டேன். ஈரத்தோடு மூடி, மேலே அப்பாவின் தடிப் புத்தகங்களை வைத்தேன்.

மறுநாள் மாலை, ஆள் தள்ளுகிற புஸ்புஸ் வண்டியில் தனமும் நானும் போனோம். வண்டியில் அவள் என் மடியிலிருந்த புத்தகத்தை முகர்ந்து, "வாசனையா கீதுக்கா" என்று சிரித்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய மாளிகையின் கூடம். முன்வரிசையில் முசியே, முழங்காலில் அதே இசையின் இன்னொரு பிரதி. அவருக்குப் பின்னால் வெள்ளைக்காரப் பெண்மணிகள். அவர்களோடு என் வருங்கால மாமனார், வியத்நாமில் சைகோனில் பிரெஞ்சு உத்தியோகம் பார்த்துப் பென்ஷனோடு திரும்பியவர். நிச்சயத்தன்றே அவர் என் அம்மாவிடம், "பொண்ணை இம்மாம் பெரிய பொட்டு வைக்க வேணாம்னு சொல்லுங்க, நாளைக்கு வெள்ளக்காரங்க நடுவுல இருக்கப் போறவ" என்று சொல்லியிருந்தார். அம்மாவும் அப்பாவும் பின்னால். கதவோரம் காதர் பாய், ஏதாவது சிக்கினால் எடுத்துவிடுவதற்காகச் சாமான் பையோடு.

தனம் அன்று வாசித்தது போல அதற்கு முன்பு வாசித்து நான் கேட்டதில்லை. இடி வருகிற இடத்துக்கு முன்தாளில் அவள் தோள் சற்று இறங்கியது. பயத்தில் அல்ல, தயாராகிறாள் என்று எனக்குத் தெரியும். தலையை அசைத்தாள். நான் திருப்பினேன். தாள் கொஞ்சம் விறைப்பாக வந்தது.

அவள் கை ஒரு மூச்சு நேரம் நின்றது. என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அப்போதுதான் பார்த்தேன், இடி இல்லை. அதற்கு அடுத்த பக்கங்கள் திறந்திருந்தன. இரண்டு தாள் ஒன்றாகப் புரண்டுவிட்டது. நான் மூலையைப் பிடித்துப் பிரிக்கப் போனேன். அதற்குள் அவள் எதிரே இருந்ததை வாசிக்கத் தொடங்கிவிட்டாள். மனப்பாடமாகத் தெரியாதா என்று கேட்பீர்கள். நாலு மாதம் அழுதவளுக்குத் தெரியாமல் இருக்குமா? பின்னால் ஒரு நாள் நானே கேட்டேன். "கண்ணு பாத்தத கை வாசிச்சிடுச்சிக்கா" என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை. கடைசிவரை நிற்காமல் வாசித்தாள்.

4

கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. தனம் எழுந்து வணங்கினாள். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன். திருப்பிப் பார்த்தேன். நான் வைத்த சந்தனம் இறுகி இரண்டு தாளையும் கவ்விக்கொண்டிருந்தது. நகத்தை விட்டுப் பிரித்தேன். சரக்கென்று வந்தது. உதிர்ந்ததை ஊதிவிட்டு, மிச்சத்தை முந்தானையால் துடைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை. யாரும் பார்ப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது.

வெளியே வந்தால் ஆளாளுக்கு ஒன்று. "எவ்வளவு இலகுவாக முடித்துவிட்டாள்!" என்றார் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. இன்னொருவர், கீழை நாட்டுக் கைகளுக்கே உள்ள மென்மை என்றார். அப்பா கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார்: "மூணு நிமிஷம் முன்னாடியே முடிச்சிட்டா! ஒத்திகையில கூட இந்த வேகம் இல்ல." அம்மா தனத்தின் முகத்தை வழித்து நெற்றியில் விரலைச் சொடுக்கி, "எத்தினி கண்ணு எம்மவ மேல" என்று கலங்கினாள். என் வருங்கால மாமனார், "நல்லவேளை, சுருக்க முடிஞ்சிது" என்றார். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு அவள் வாசித்தது பிடித்திருந்தது, மீதிப் பேருக்கு அது முடிந்தது பிடித்திருந்தது. வாசிக்காமல் போனது யாருக்கும் தெரியவில்லை.

காதர் பாய்க்குத் தெரிந்தது. கதவோரத்திலிருந்து என்னிடம் வந்தார்.

"ஏம்மா, அந்த இடி வரலியே?"

"வந்திச்சே பாய். வேகத்துல உங்களுக்குத் தெரியல" என்றேன்.

அவர் என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். "இருக்கும்மா. எனக்கின்னா தெரியும், மரம் இழைக்கிறவன்" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு சுரம் வாசிக்கத் தெரியாத மனுஷன், சரியாகக் கேட்டவரை நான் செவிடராக்கி அனுப்பினேன்.

முசியேவுக்கும் தெரிந்தது. அவர் மடியிலிருந்த பிரதியில் அந்த இரண்டு பக்கமும் விரிந்தபடியே இருந்ததை நான் கவனித்திருந்தேன். மதாமிடம் வந்து தாழ்ந்த குரலில் பேசினார். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. "நல்ல கை. ஆனால் கடினமான இடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு, யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறாள். கடினமானதைக் கற்றுக்கொடுக்கலாம். நேர்மையைக் கற்றுக்கொடுக்க முடியாது. நான் எழுத மாட்டேன்."

மதாம் தனத்திடம் திரும்பி, "ஏன்?" என்று கேட்டார்.

நான் நாலடி தூரத்தில் நின்றேன். மார்பில் புத்தகம், முந்தானையில் சந்தனம். ஒரு வாக்கியம் போதும்: சாமிக்கு வைத்தேன், ஒட்டிக்கொண்டது. ஆனால் பக்கத்தில் மாமனாராக வரப்போகிறவர். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள். புத்தகத்துக்குச் சந்தனம் பூசுகிற ஜனங்கள் என்று சிரிப்பார்களே என்று வெட்கமாக இருந்தது. வெட்கம்தான், வேறு ஒன்றுமில்லை. இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் என்னை நானே கொஞ்சம் மன்னித்திருப்பேன்.

தனம் என்னைப் பார்த்தாள். பிறகு மதாமிடம் பிரெஞ்சில், "பயந்துவிட்டேன்" என்றாள்.

மதாம் போய்ப் பியானோவை மூடினார்.

5

அதன் பிறகு தனம் ஒரு மாதம்போல் போய்வந்தாள். மதாம் பழைய மாதிரி திட்டுவதுகூட இல்லையாம். அப்புறம் அவளாகவே நின்றுவிட்டாள். மதாம் கப்பல் ஏறியபோது பியானோவுக்குப் பெட்டி அடித்தவர் காதர் பாய். அன்று தனம் வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தில் விரல் ஓடவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆனது. என் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் கணக்கர். 1962-இல், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. அப்பா, "நாம எங்கயும் போறதில்ல" என்றுவிட்டார். நான் புருஷனோடு சேர்ந்து எழுதிக் கொடுத்தேன். என் படிவத்தைப் பூர்த்தி செய்தது தனம். அவள் கையெழுத்து அழகு. வரிசையில் நின்று, என் பெயரையும் நான் போகப்போகிற நாட்டின் பெயரையும் அவள்தான் எழுதினாள். அவள் வர வேண்டிய நாட்டுக்கு நான் வந்தேன்.

கிளம்புகிற அன்று சொன்னாள்: "அந்தப் பாட்டு அங்க எங்கயாச்சும் கேட்டீன்னா, அந்த எடத்த எப்பிடி வாசிக்கிறாங்கன்னு எழுதுக்கா."

எழுதவில்லை. சில வருடம் முன்பு சமையலறை வானொலியில் அது வந்தது. முதல் சுரத்திலேயே தெரிந்துவிட்டது. நளினி மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்கே" என்று பிரெஞ்சில் சொன்னாள். இடி நெருங்கியதும் நான் வானொலியை அணைத்துவிட்டேன். "ஏன் அணைத்தாய்?" என்றாள். "தலைவலி" என்றேன். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். பிள்ளைகள் நம்மைவிட்டு விலகிப்போகிறார்கள் என்று இங்கே எல்லோரும் புலம்புகிறோம். நாம் எதையும் பாதியில் அணைத்தால் அவர்கள் என்ன செய்வார்கள்?

தனம் தவளக்குப்பத்தில் ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். போன வருடம் காய்ச்சல் என்று படுத்தவள் எழவில்லை. தந்தி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

6

படிவத்தைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் கடிதத்தைப் பிரித்தேன். தனத்தின் புருஷன் அதிகம் பேசாதவர், கடிதமும் அப்படித்தான்.

"அண்ணிக்கு வணக்கம். இந்தப் புத்தகம் உங்களுக்குச் சேர வேண்டியது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் இதைத்தான் முதலில் எடுத்து வைப்பாள். உள்ளே ஓரிடத்தைத் திறந்து அவளே சந்தனம் வைத்து மூடுவாள். தாள் ஒட்டிக்கொள்ளுமே என்று ஒருமுறை சொன்னேன். 'அது அக்கா வெச்ச எடம்' என்றாள். வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வண்டியில் வாசனை பிடித்தவளுக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? "பயந்துவிட்டேன்" என்று சொல்லும்போதே தெரிந்திருக்கிறது. நான் வாய் திறப்பேனா என்றுதான் அன்று என்னைப் பார்த்திருக்கிறாள். அடுப்பில் ஏதோ தீய்ந்தது. நளினி வந்து அடுப்பை அணைத்தாள். "என்ன ஆச்சு?" என்று கேட்டாள். கடிதத்தை அவள் பக்கம் நீட்டினேன், அவளால் படிக்க முடியாத எழுத்து. "போதும்" என்று தமிழில் சொல்லி என் தோளைத் தொட்டாள். அவளுக்குத் தெரிந்த இரண்டு வார்த்தையில் ஒன்று.

மறுநாள் படிவத்தில் எழுதினேன்: சந்தனம். வழிபாட்டுக்காக நான் வைத்தது.

அதே இளைஞர்தான் இருந்தார். படித்துவிட்டு, "போன வாரம் தெரியாது என்றீர்களே?" என்றார்.

"பொய் சொன்னேன்."

அவர் ஒரு முறை என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒட்டியிருக்கிற தாள்களுக்கு நடுவில் எதுவும் இல்லை என்று பார்த்தாக வேண்டும், விதி அப்படி என்றார். காகிதம் வெட்டுகிற மழுங்கல் கத்தியை எடுத்து மெதுவாக உள்ளே விட்டார். வருஷா வருஷம் வைத்த சந்தனம், தடித்திருந்தது. சரக்கென்று பிரிந்தது. எனக்குத் தெரிந்த சத்தம். உள்ளே ஒன்றும் இல்லை. நெருக்கமாகக் கறுப்புச் சுரங்கள், அவற்றின் மேல் தனம் பென்சிலில் எழுதிய விரல் எண்கள், அவ்வளவுதான்.

"அடேயப்பா, கடினமாக இருக்கும் போலிருக்கிறதே" என்றார் அவர். "நீங்கள் வாசிப்பீர்களா, மதாம்?"

"இல்லை. வாசித்தது என் தங்கை. நான் பக்கம் திருப்பினேன்" என்றேன். இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட்டேன் என்றும் சொன்னேன். எனக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "அவள் பயப்படவில்லை" என்றேன்.

"நல்லது, மதாம்" என்று முத்திரையைக் குத்தி, புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.